இரண்டாயிரத்துக்குக் கீழே

அந்த பாட்டிலை எடுக்காதீங்க. இல்லை, கேட்டுவிட்டுத்தான் எடுத்தீங்க, நான்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டு உம் என்று சொல்லிவிட்டேன். மூடியைத் திறக்கவில்லையே? கொடுங்க இப்படி. குடிக்கிற தண்ணீர் இல்லை அது. இந்தாங்க, இந்தப் பச்சை பாட்டிலில் இருப்பது எங்கள் வீட்டு ஃபில்டர் தண்ணீர். இதைக் குடிங்க, மிச்சம் வைக்கவேண்டிய அவசியமில்லை. அந்த ஜன்னலோடும் போராட வேண்டாம், அது திறக்காது. ஏறினதிலிருந்து நானும் பார்த்துவிட்டேன்.

பார்க்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்க. பின்னால் இந்த டிக்கெட்டைப் பிடித்தால் எழுத்து படிக்கலாம். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் லூயிசா, நல்ல தண்ணீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று ஐம்பது தடவை இம்போசிஷன் எழுதவைத்தார். நிறமற்றது என்பதில் முதல் 'ற'வுக்குச் சின்ன 'ர' போட்டேனாம், அதற்காக. அந்த சிஸ்டர் இப்போது உயிரோடு இருந்தால் இந்த பாட்டிலைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்வேன்.

நீங்கள் கடைசி ஸ்டாப்பா? நான் பூசாரிவலசு. திருப்பூரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் என்று போர்டில் எழுதியிருக்கிறான், இவன் ஓட்டுகிற அழகுக்கு இரண்டு ஆகும். என் வீட்டுக்காரரைக் கூட்டிவரப் போகிறேன். ஒரு வருஷம் இரண்டு மாதமாக அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறார். சண்டை என்று நினைக்காதீங்க. சண்டை போடத் தெரிந்த மனுஷனாக இருந்தால் நான் ஒரு வாரத்தில் முடித்திருப்பேன். வாயைத் திறக்கமாட்டார். மாதம் ஒரு தடவை இந்த பஸ் கண்டக்டரிடம் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தனுப்புவார். அதை நான் வாங்கி லேபில் கொடுத்து, ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புவேன். கீழே ஒரு கட்டைவிரல் படம் வரும். இதுதான் எங்கள் குடித்தனம். இந்த பாட்டில் அவர் காலேஜ் பாட்டில், கண்ணாடி. திருப்பிக் கொண்டுவா என்றார், அவசரத்தில் உள்ளே இருந்ததோடு பையில் போட்டுவிட்டேன்.

அவர் பெயர் தெய்வசிகாமணி. காலேஜில் கெமிஸ்ட்ரி. ரிட்டயர் ஆன அன்றைக்கு ஒரு சால்வை போட்டார்கள், மறுநாள் மொட்டைமாடிக்கு ஏறினார், இறங்கவே இல்லை. நான் வடகம் காயவைக்கிற இடம் அது. என்னைக் கேட்டாரா? என்னுடைய பேக்கிங் கண்ணாடித் தட்டு நாலும் மாடிக்கு ஏறிவிட்டது. உடைந்த டியூப்லைட், ஜன்னல் கண்ணாடி, எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைப் பவுடரைக் கரைத்துப் பூசி அடுப்பில் சுட்டுச் சுட்டு வைப்பார். என் கேஸ் அடுப்பில். பெயர் கேட்டால் டைட்டானியம் டையாக்ஸைடு என்றார். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டிலும் வெயிலுக்கு முகத்தில் பூசுகிற கிரீமிலும் இருக்கிற அதே சாமான்தான். சாயப்பட்டறையிலிருந்து ஒரு கேன் கழிவுத் தண்ணீர் வாங்கிவந்து, பவுடர் பூசின தட்டில் ஊற்றி வெயிலில் வைப்பார். ரத்தம் மாதிரி இருக்கும். காலையில் வைத்தால் மூன்று மணிக்கு ரோஸ், நாலரைக்கு இந்த பாட்டிலில் இருக்கிறதே, இது மாதிரி.

நம்பமாட்டேன் என்றேன். ஒரு தட்டை நிழலில் வைத்துக் காட்டினார். அது சிவப்பாகவே கிடந்தது. வெயில் பட்டால் அந்தப் பவுடர் முழித்துக்கொள்ளுமாம். சாயத்தைப் பிடித்துத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுமாம். நீ வெங்காயம் நறுக்குற மாதிரி, ஆனா பேசாம நறுக்கும் என்றார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன ஒரே ஜோக்.

நான் சொன்னேன், ஏனுங்க, இதை வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும், ஊர் பூராவும் சாயப்பட்டறை, நாலு பேரிடம் காட்டுங்க என்று. அதற்கு அவர், "கலர் மட்டுந்தான் போகுது ஹேமா. உப்பு அப்படியே நிக்குது. இது பாதி வேலை. பாதி வேலையை வெளிய விடக்கூடாது" என்றார். துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள், தெரியுமில்லையா, அந்த உப்பு. உப்புத்தானே, கடலில் இல்லாத உப்பா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்களை எப்படிப் பார்த்திருப்பார் என்று தெரிந்துபோயிற்று. நான் கடைசி பெஞ்ச் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஸ்கூல் செகண்ட்.

ஃபர்ஸ்ட் யார் தெரியுமா, ஷைலஜா. அவள் வீட்டுக்காரர் குமரகுருவுக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை. அவள் வீட்டுக்குப் போனால் ஏசி போட்ட ஹாலில் உட்காரவைத்து, உங்கவர் இன்னும் மாடியிலதான் இருக்காரா ஹேமா என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே கேட்பாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? நான் ஒரு பையில் இரண்டு பாட்டில் எடுத்துப்போனேன். ஒன்று சிவப்பு, ஒன்று தெளிவு. கூடவே அவர் நோட்டு. எத்தனை கிராம், எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் வெயில், எல்லாம் அவர் கையெழுத்தில், முத்து முத்தாக. குமரகுரு இரண்டு பாட்டிலையும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கணும் நீங்கள். ஷைலஜா முகத்தைப் பார்க்கணும். ஜெராக்ஸ் எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுத்தது ஒரு நோட்டு, அவ்வளவுதான். ஓடையில் விடுங்க என்று நான் சொன்னேனா? உப்பு விஷயம் அதே நோட்டில் எழுதியிருந்தது, பதினேழாம் பக்கம், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு. படிக்காதது அவர்கள் தப்பு.

நான் எடுத்துச் சொல்லவில்லையா என்றா கேட்கிறீங்க? அவர்கள் கேட்கவில்லையே.

சரி, இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவர் அக்கா துளசிமணி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக்காரருடைய அக்காவை நங்கை என்போம். எனக்கும் அந்த நங்கைக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. கல்யாணத்தன்று நான் ஸ்பூனில் பாயசம் சாப்பிட்டேன் என்று இன்றுவரைக்கும் சொல்லிக்காட்டும். பூசாரிவலசில் அதற்கு நாலு ஏக்கர், ஒரு கிணறு, நாலு மாடு. தோட்டத்தை ஒட்டி ஓடை போகிறது. திருப்பூர்ப் பட்டறைத் தண்ணீரெல்லாம் திருட்டுத்தனமாக அதில்தான் வரும். அந்த ஊரில் மீட்டர் கீட்டர் கிடையாது. கலர்தான் மீட்டர். ஓடையில் கலர் தெரிந்தால் நங்கை ஓடிப்போய் மடையில் பலகை இறக்கி, சாக்கு வைத்து மண்ணைப் போட்டு மெத்திவிடும். மழைத் தண்ணீர் வந்தால் மட்டும் திறக்கும், தோட்டத்துக் குட்டைக்குள் விடும், அது ஊறிக் கிணற்றுக்கு வரும். இருபத்திமூன்று வருஷம் அப்படிக் காப்பாற்றின கிணறு. சுற்றுவட்டாரத்தில் கெடாத கிணறு அது ஒன்றுதான். வாரம் தவறாமல் ஃபோன் வரும். "தம்பி, இன்னைக்கு ஊதாக் கலருல வருது, மடைய அடைச்சுப்போட்டேன். கண்ணு, சாப்பிட்டியா?" என்னைக் கேட்காது. நானும் சாப்பிடாமலா இருக்கிறேன்.

போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு நங்கையிடமிருந்து ஃபோன். ஓடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறதாம். ஊர்ப் பெண்களெல்லாம் ஓடைக்குப் பூஜை போடப் போகிறார்களாம், இருபத்திமூன்று வருஷத்தில் முதல் தடவை, தம்பியும் வரணும், அவளையும் கூட்டிக்கொண்டு வா என்று. அவளையும். போனோம். மஞ்சள், பூ, காதோலை கருகமணி, எலுமிச்சம்பழ விளக்கு, எல்லாம் தண்ணீரில் போகிறது. அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிறது. என் வீட்டுக்காரர் கரையில் நின்றுகொண்டு, மழையே இல்லியே, எங்கிருந்துக்கா இவ்வளவு தண்ணி என்றார். நங்கை, "கோயமுத்தூர்ப் பக்கம் பேஞ்சிருக்கும். வர்ற லச்சுமிய ஏன்டா விசாரிக்கறே" என்றது. பலகையில் மஞ்சள் குங்குமம் வைத்து, கும்பிட்டு, மடையைத் திறந்தது. மூன்று நாள் ஓடவிட்டிருக்கிறது. குட்டை நிறைந்து கிணற்றில் எட்டடி ஏறிற்றாம்.

எனக்குத் தெரியுமா என்றால், எப்படிச் சொல்வது. இரண்டு வாரம் முன்னால் ஷைலஜா ஃபோன் பண்ணி, தொட்டி கட்டி முடிச்சாச்சு, உங்கவர் மருந்து அருமையா வேலை செய்யுது, பளிங்கு மாதிரி வெளிய போகுது, இனி எவனும் கேக்கமாட்டான் என்றாள். ஒரு பட்டுப்புடவையும் கொடுத்தனுப்பினாள். மயில் கழுத்துப் பச்சை. ஆடிப் பதினெட்டுக்கு நான் அதைத்தான் கட்டியிருந்தேன். புடவையைப் பார்த்து நங்கையே நல்லா இருக்குது என்றது, முதல் தடவையாக. அந்த நேரத்தில் வாயைத் திறந்து, இது அந்தத் தண்ணீராக இருக்கலாம் என்று சொல்லச் சொல்கிறீங்களா? நல்ல நாள். அத்தனை பெண்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நிச்சயமாகவும் தெரியாது. கோயமுத்தூரில் பெய்தும் இருக்கலாமில்லையா?

பெய்யவில்லை.

இருபது நாளில் தென்னை மட்டை ஓரம் ஓரமாகக் கருகிற்று. மாடு கழிந்தது. சினையாக இருந்த இரண்டுக்கும் கலைந்தது. ஒன்று செத்தது, இரண்டை விற்றாயிற்று, மிச்சம் ஒன்று. மயிலை என்று பெயர், காங்கேயம் மாடு. என் வீட்டுக்காரர் போய்த் தண்ணீர் எடுத்துவந்து பார்த்தார். லிட்டருக்கு ஏழாயிரத்து முந்நூறு மில்லிகிராம் உப்பு. இரண்டாயிரத்துக்கு மேல் போனால் சினை மாட்டுக்குக் காட்டமாட்டேன் என்பார். அப்புறம் ஓடையோடு மேலே நடந்தே போயிருக்கிறார், குமரகுரு பட்டறைச் சுவர் வரைக்கும். உள்ளே தொட்டி, தொட்டி நிறைய வெள்ளை பூசின கண்ணாடி, அவர் கணக்குப்படி சாய்த்து வைத்தது. தன் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்துச்சு என்றார்.

என்னிடம் இரண்டே கேள்வி. "நோட்ட யாருக்குக் குடுத்தே?" சொன்னேன். "மடை தொறக்கறப்ப உனக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். தெரியும் என்று சொன்னால் கிணறு இனித்துவிடுமா? மாடிக்குப் போனார். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். என் பேக்கிங் தட்டு நாலும் அதில்தான் போயிற்று. பையை எடுத்துக்கொண்டு வந்தார். கிணறு இரண்டாயிரத்துக்குக் கீழ வரட்டும், வர்றேன் என்றார்.

புகாரா? கொடுத்தார். ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்களாம். ஓடையை எட்டிப் பார்த்தார்கள். தண்ணி நல்லாத்தானே சார் இருக்குது, கலரே இல்லியே என்று சொல்லிவிட்டு, நங்கை போட்ட மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஷைலஜா இப்போது ஃபோன் எடுப்பதில்லை. வேறு இரண்டு பட்டறையிலும் தொட்டி கட்டுகிறார்கள் என்று கேள்வி.

அங்கே அவர் என்ன செய்கிறார் தெரியுமா, ரிட்டயர்டு புரபசர்? சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு பஞ்சாயத்துக் குழாயிலிருந்து தண்ணீர் இழுக்கிறார். அந்த மயிலை மறுபடியும் சினை பிடித்திருக்கிறது, எட்டு மாதம். கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய் காட்டுவதில்லை. ஒரு நாளைக்கு எட்டுக் குடம். அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆன உடம்பு. நங்கைக்கு அந்த மாடும் அது போடப்போகிற கன்றும்தான் இனி எல்லாம். மயிலையும் போய்விட்டால் தோட்டத்தையே விட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறது. சரி, ஆனால் என் வீட்டில் பல்பு மாற்ற ஆளில்லை. அதை யாராவது கேட்டார்களா?

அவர் உப்பு பார்க்கிற மீட்டர் ஒன்று, பேனா மாதிரி இருக்கும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். என் கண்ணையும் நம்பமாட்டேன், என் மீட்டரையும் நம்பமாட்டேன், முத்திரை குத்தின ரிப்போர்ட்தான் வேணும் என்றார். நான் அதை எடுத்து மாதா மாதம் முக்கிப் பார்ப்பேன். போன மாதம் ஐயாயிரத்து முந்நூற்றைம்பது. இந்த மாதம் ஐயாயிரத்து இருநூறு. மாதத்துக்கு நூற்றைம்பது. கணக்குப் போட்டுப் பாருங்க. இன்னும் ஒன்றேமுக்கால் வருஷம். அதற்குள் எனக்கு ஐம்பத்தைந்து ஆகிவிடும்.

அன்றைக்குச் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். இந்த பாட்டில் ஒரு பக்கம், ஃபில்டர் ஒரு பக்கம். நான் திட்டம் போட்டுச் செய்ததாக நினைக்காதீங்க. ஒரு டம்ளர் இதிலிருந்து, இரண்டு டம்ளர் அதிலிருந்து. மீட்டரை முக்கினால் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். பார்க்க வித்தியாசமே தெரியவில்லை. இதுவும் தண்ணீர்தான், அதுவும் தண்ணீர்தான். லேபில் கொடுத்தேன், முத்திரை குத்திக் கொடுத்தார்கள், முந்தாநாள் அனுப்பினேன். இந்தத் தடவை கட்டைவிரல் வரவில்லை. ஃபோன் வந்தது. ஒரு வருஷம் இரண்டு மாதத்துக்கு அப்புறம் குரல்.

"ஹேமா, ஐப்பசி மழ வேலை செஞ்சிருச்சு" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சினார். அக்காவுக்கு வாயில் வைத்தால் லேசாகக் கசக்கிறதாம். லேப்ல முத்திரை குத்திக் குடுத்திருக்கான், உனக்கு நாக்குப் பழகிப்போச்சுக்கா என்று சொன்னாராம். மாடும் முதலில் மோந்து பார்த்துவிட்டு நின்றதாம். தவிடு கலந்து வைத்ததும் குடித்துவிட்டதாம். அப்புறம் நங்கையே ஃபோனை வாங்கி, "அம்மிணி, நீயும் வந்துட்டுப் போ. கன்னு போட்டா சீம்பால் தர்றேன்" என்றது. அம்மிணி என்றது. முப்பது வருஷத்தில் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீங்க? இவ்வளவு நேரம் உம் கொட்டிக்கொண்டு வந்தீங்களே.

இரண்டு நாளாகத்தான் குடிக்கிறது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்? போன தடவை இருபது நாள் ஆயிற்று. அது ஏழாயிரம், இது ஐயாயிரம்தான். கன்று போட ஒரு மாதம்தான் இருக்கிறது. மழை இன்னும் வரும் என்று டிவியில் சொன்னான். இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால், அப்புறம் என்ன ஆனாலும் அது அங்கே ஆகிறது. மாட்டுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். சொல்லிவிடலாம்தான். இறங்கினதும் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் மறுபடியும் குடத்தைக் கட்டிக்கொள்வார், கட்டைவிரல்கூட வராது. இந்தத் தடவை பாட்டிலும் வராது. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகட்டும், அப்புறம் பாருங்க.

பூசாரிவலசா அது? கண்டக்டர், ஆள் இறங்கணும்.

அதோ, நிழற்குடையில் நிற்கிறாரே, வெள்ளைச் சட்டை. எலும்பாகிவிட்டார். சட்டையை அயர்ன் பண்ணியிருக்கிறார், யார் பண்ணிக்கொடுத்தார்களோ. சைக்கிளைப் பாருங்க, குடம் கட்டுகிற கயிறுகூட அவிழ்த்துவிட்டார். வெறும் சைக்கிள்.

இந்த பாட்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்க. உள்ளே தண்ணீரோடு பார்த்தால் லேபில் இவ்வளவு ஏன் மிச்சம் என்று கேட்பார், உடைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். கடைசி ஸ்டாப்பில் இறங்கினதும் எங்கேயாவது ஊற்றிவிடுங்க. செடி இருக்கிற இடம் வேண்டாம். ஆடு மாடு வாய் வைக்கிற இடமும் வேண்டாம். சும்மா ரோட்டிலேயே ஊற்றிவிடுங்க, என்ன?